சமையலறைக் கூரையில் ஸ்பீக்கர்: கேட்டவர்களுக்குப் பதில்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீடுகளுக்கு ஸ்பீக்கர் மாட்டும் வேலை பார்க்கிறேன். சமையலறை ஸ்பீக்கர் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை: சமையலறை பத்துக்கு எட்டு அடி, ஃபால்ஸ் சீலிங் போடுகிறோம். கடையில் 8 இஞ்ச் ஸ்பீக்கர் நான்கு வேண்டும் என்கிறார்கள். தேவையா?

தேவையில்லை அக்கா. அந்த அளவுக்கு 6.5 இஞ்ச் இரண்டு தாராளம். ஒன்று போதும் என்றால், ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ட்வீட்டர் (கீச்சொலி தரும் குட்டி ஸ்பீக்கர்) வைத்து இடது, வலது இரண்டு ஒலியையும் தரும் 'சிங்கிள் ஸ்டீரியோ' வகையைக் கேளுங்கள். சாதாரண ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் வாங்கி, ஆம்பின் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) இடது வலது ஒயர்களை முறுக்கி அதில் கொடுத்துவிடாதீர்கள், ஆம்ப் போய்விடும். நான்கு வாங்கி, ஒரு பக்கத்துக்கு இரண்டாக இணையாகக் கொடுத்தால் ஸ்பீக்கரின் மின் தடை 8 ஓமிலிருந்து 4 ஓமாக இறங்கும். சின்ன ஆம்ப் அதைத் தாங்காமல் சூடேறும். கிரானைட்டும் டைல்ஸும் நிறைந்த அறையில் ஒலி ஏற்கெனவே எதிரொலிக்கும், அதில் நான்கு ஸ்பீக்கர் பாடினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

தேவனாம்பட்டினம்: கடற்கரைக்குப் பக்கத்து வீடு. மாட்டிய ஸ்பீக்கர் மூன்றே வருடத்தில் கரகரக்கிறது. எந்த வாட்ஸ் வாங்கலாம்?

சார், உங்கள் பக்கம் வாட்ஸை அப்புறம் பாருங்கள். முதலில் ஸ்பீக்கர் எந்தப் பொருளால் செய்தது என்று பாருங்கள். உங்களுடையது போலவே கரகரத்த ஒன்றை, கடலை ஒட்டிய ஒரு வீட்டில் கழற்றினேன். ஒலி எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் ஈரப் பொரி போலப் பிய்ந்து வந்தது. ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. ஸ்பீக்கரை மூடும் வலையான கிரில்லின் துளை ஒவ்வொன்றையும் சுற்றித் துரு. உப்புக்காற்றும் ஈரமும் செய்த வேலை. இத்தனைக்கும் பெட்டியில் பெரிய வாட்ஸ்தான் அச்சிட்டிருந்தார்கள்.

அதனால் வளையம் ரப்பராக இருக்கட்டும், ஃபோம் வேண்டாம். கோன் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும், காகிதக் கோன் ஈரத்தை உறிஞ்சும். கிரில் அலுமினியமா என்று கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. கிரில்லைக் கையில் எடுத்துத் தனியாகப் பார்க்கவேண்டும், ஸ்பீக்கரில் மாட்டியிருந்தால் உள்ளே இருக்கும் காந்தமே இழுக்கும். பழைய ஒயரை மறுபடி இணைக்கும்போது களிம்பேறிய நுனியை வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரியும்படி சீவிக் கொடுங்கள். இன்னொன்று, 2024 ஃபெஞ்சல் மழையில் தளம் கசிந்திருந்தால் அதை அடைத்துவிட்டுத்தான் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் துளை போடவேண்டும்.

வாட்ஸ் கேட்டீர்கள். சமையலறைக்கு 20, 30 வாட்ஸ் தாண்டவேண்டாம். அதைவிட சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள், அதாவது ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை. 88 டெசிபல் ஸ்பீக்கரைவிட 91 டெசிபல் ஸ்பீக்கர், பாதி வாட்ஸிலேயே அதே சத்தம் தரும்.

திருப்பாதிரிப்புலியூர்: விலை மலிவாக இருக்கிறதென்று வாங்கினேன். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலச் சன்னமாக வருகிறது.

தம்பி, பின்பக்கம் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் ஒட்டியிருக்கிறதா? '100 வோல்ட்' என்று எழுதியிருக்கும். கோயில், ஜவுளிக்கடை, மண்டபம் என்று நீளமாக ஒயர் இழுக்கும் இடங்களுக்கானது அது. வீட்டு ஆம்பில் மாட்டினால் இப்படித்தான் கேட்கும். 8 ஓம் இணைப்பும் சேர்த்துத் தந்திருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் வழி.

புதுச்சேரி: தாத்தா காலத்து வீடு, மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டு. அதில் துளை போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். சுண்ணாம்பில் குத்துச் செங்கலாக ஒன்றையொன்று பிடித்து நிற்கிற கூரை அது. ஒரு செங்கலை எடுத்தாலும் பக்கத்துக் கல் தளரும். அலமாரி மேல் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வையுங்கள், அந்த உயரமான கூரைக்கு அதுவே நன்றாகக் கேட்கும்.

வில்லியனூர்: பாட்டு ஓடினால் குக்கர் விசிலை எண்ண முடியவில்லை என்கிறார் அம்மா.

அம்மா சொல்வதுதான் கணக்கு. சமையலறையில் பாட்டு விசிலுக்கு அடங்கி நிற்கவேண்டும். அடுப்புக்கு நேர் மேலே ஸ்பீக்கர் இருக்கிறதென்று நினைக்கிறேன். அங்கே வைத்தால் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் கிரில்லில் பிசுக்காகப் படியும். சிம்னியிலிருந்து மூன்று நான்கு அடியாவது தள்ளி, காய் நறுக்குகிற இடத்துக்கு மேலே மாற்றுங்கள். ட்வீட்டர் திரும்புகிற வகையானால் அதை அம்மா நிற்கிற பக்கம் சாயுங்கள், குறைந்த சத்தத்திலேயே சொல் சொல்லாகக் கேட்கும். சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஒரு வால்யூம் திருகி போடச் சொல்லுங்கள். மாவுக்கையோடு போனைத் தேடவேண்டாம், புறங்கையாலேயே திருகிக்கொள்ளலாம். மிக்ஸி ஓடும்போது எந்த ஸ்பீக்கரும் கேட்காது. அதற்காகப் பெரிதாக வாங்கவேண்டாம்.

லாஸ்பேட்டை: மாடியில் படுக்கையறை. சத்தம் மேலே போகுமா?

கொஞ்சம் போகும். ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடிய பெட்டி வைத்து மாட்டினால் குறையும். சீலிங்குக்கு மேலே அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பாகூர்: அடுத்த வாரம் தளம் போடுகிறோம். இப்போதே என்ன செய்யவேண்டும்?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கம்பி கட்டியதும், ஹாலில் ஆம்ப் வைக்கப்போகும் இடத்திலிருந்து சமையலறைக்குத் தனி பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் போகிற பைப்பில் இதைச் சேர்க்கவேண்டாம். ஆம்பை எண்ணெய்ப் புகைக்குள் வைக்காதீர்கள். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். கான்கிரீட் கொட்டும் முன் பைப் மேல் டேப்பை நீட்டி, சுவரிலிருந்து எத்தனை அடி என்று எண் தெரியும்படி போனில் படம் எடுத்துவையுங்கள். பூச்சு வேலை முடிந்தபின் அந்தப் பைப் வாயைத் தேடி ஒரு நாள் முழுக்கத் தட்டிப் பார்த்த வீடுகள் உண்டு.