இலவச சட்ட உதவி: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலர். வக்கீல் அல்ல. எந்த அலுவலகத்துக்கு, என்ன காகிதத்தோடு, எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று சொல்ல முடியும். சிவில் விஷயங்களை மட்டும் கேளுங்கள்.

செல்லூர்: வீட்டு வேலை செய்கிறேன். எனக்கு இலவச வக்கீல் கிடைப்பாரா? வருமானச் சான்று கேட்பார்களா?

கிடைப்பார் அம்மா. நீங்கள் பெண் என்பதே போதும், வருமானம் பார்க்க மாட்டார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கும் உறுதிமொழிப் பத்திரம் பொதுவாகப் போதும்.

மதுரை நகரத்தார் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழுவுக்குப் போங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிக்காரர்கள் அங்கங்கே இருக்கும் நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவைக் கேளுங்கள். வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வராது என்றால் வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள். போனில் கேட்க 15100.

வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், டைப் அடிக்கும் செலவு, நகல் எடுக்கும் செலவு எல்லாம் இதில் அடக்கம். குழு கொடுத்த வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கேட்டால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

வில்லாபுரம்: தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருக்கிறேன் அண்ணே. தண்டலுக்கு (தினம் தினம் வசூலிக்கும் கடன்) 40,000 வாங்கி முழுசாகக் கட்டிவிட்டேன். அப்போது வெற்று புரோநோட்டில் (கடன் உறுதிச் சீட்டு) கையெழுத்து வாங்கினார்கள். இப்போது அதில் 3 லட்சம் என்று எழுதிக் கேஸ் போட்டிருக்கிறார்கள். கோர்ட் ஊழியர் அமீனா சம்மன் கொண்டுவந்தார். பயந்துபோய் வாங்காமல் அனுப்பிவிட்டேன்.

தம்பி, முதல் வேலையாக அந்தச் சம்மன் எந்தக் கோர்ட்டிலிருந்து வந்தது, வழக்கு எண் என்ன, அடுத்த வாய்தா (விசாரணைத் தேதி) என்றைக்கு என்று கண்டுபிடியுங்கள். வாங்க மறுத்தால் சட்டம் அதை வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் வராத நாளில் உங்களை எக்ஸ்பார்ட்டி (கோர்ட்டுக்கு வராதவர்) ஆக்கிவிட்டு, கேட்ட தொகைக்கே தீர்ப்பு ஆகிவிடும். அப்புறம் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனு, சொத்து ஜப்தி. ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டாலும் 30 நாளுக்குள் ரத்து மனு போடலாம். அதுவும் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனியாக ஒரு மனு போட வேண்டும். ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நஷ்டம்.

வழக்கில் பதிலுரை போட 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. “கையெழுத்துப் போட்டபோது பேப்பர் வெற்றாக இருந்தது” என்பதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால், அதை நிரப்பிக்கொள்ள நீங்களே அனுமதி கொடுத்ததாகத்தான் சட்டம் தொடங்கும். பணம் வாங்கவில்லை, அல்லது வாங்கிக் கட்டிவிட்டேன் என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல் விழும். அதனால் தண்டல் அட்டை, ஜிபே வரவு செலவு, வசூலுக்கு வந்தவர் அனுப்பிய வாட்ஸ்அப், பக்கத்துக் கடைக்காரர் சாட்சி, எது இருந்தாலும் திரட்டுங்கள். அட்டையில் தினம் தினம் போட்ட இனிஷியல்தான் உங்களுக்குப் பெரிய ஆதாரம். அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. மிரட்டல் இருந்தால் அதன்படி போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்ததால் சிவில் வழக்கு நின்றுவிடாது. கோர்ட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும்.

ஜெய்ஹிந்துபுரம்: வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. ஓனர் அட்வான்ஸைத் தர மறுக்கிறார். காலி செய்யும் முன் கரண்ட்டையும் பிடுங்கிவிட்டார்.

இரண்டுமே தப்பு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தவும் கூடாது, வாடகை பாக்கி இருந்தாலும் சரி. முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்பணிகள் குழுவிலேயே எழுதித் தருவார்கள். ஒப்பந்தம் எழுதியிருந்தால் கொண்டுபோங்கள். இனி எங்கே குடிபோனாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள்.

வாடிப்பட்டி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் வாங்கிய இரண்டு ஏக்கரை அண்ணன் தன் பெயருக்குப் பட்டா மாற்றப் பார்க்கிறான். எனக்குக் கல்யாணத்துக்கு நகை போட்டதால் பங்கு இல்லையாம்.

நகைக்கும் பங்குக்கும் சம்பந்தம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சம்பாதித்த சொத்து என்றால் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனது கணக்கில் வராது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கே பட்டா மாற்றத்துக்கு ஆட்சேபனை எழுதித் தாசில்தாரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். அப்புறம் பாகப்பிரிவினை வழக்கு. ஒரு விஷயம்: “சும்மா ஒரு கையெழுத்து” என்று அண்ணன் நீட்டும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் மேலே எழுதியது எதுவும் உதவாது.

அலங்காநல்லூர்: மகளிர் குழுக் கடனுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நுண்கடனுக்கு காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்த நேரத்தோடு செல்போனில் பதிவு செய்யுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு.

அவனியாபுரம்: ஆதாரில் பெயர் தப்பு. கோர்ட்டுக்குப் போகணுமா?

வேண்டாம். ஆதார் சேவை மையம்.

உசிலம்பட்டி: மக்கள் நீதிமன்றம் ஏழைக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். லாரி மோதி எங்கப்பா இறந்த கேஸில் இன்சூரன்ஸ்காரன் பாதிக்குப் பேசினான். “வாங்கிக்கங்க, இல்லேன்னா பத்து வருஷம் ஆகும்” என்று மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டோம். இதற்குப் பெயர் சமரசமா?

நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கியதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்கள் நீதிமன்றம் என்பது இரு தரப்பும் பேசி வழக்கை முடித்துக்கொள்ளும் இடம். அங்கே யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. “முடியாது” என்று சொன்னால் வழக்கு திரும்ப அதே கோர்ட்டுக்குப் போகும், அவ்வளவுதான். ஒப்புக்கொண்டால்தான் கதை வேறு: அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

மேசைக்குப் போகும் முன் உங்கள் கேஸ் எவ்வளவு பெறும் என்று தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 44 வயது, சொந்தத் தொழில், மாதம் 12,000, வீட்டில் நாலு பேர் அவரை நம்பி இருந்தார்கள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,44,000. எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 1,80,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,35,000. அந்த வயதுக்கு 14-ஆல் பெருக்க வேண்டும்: 18,90,000. உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் வகுத்த கணக்கு இது. இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு போன்றவை வரும். இவ்வளவு பெறும் கேஸுக்கு எட்டு லட்சம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பதினாறு பேசினால் உட்கார்ந்து பேசலாம்.

மேலூர்: எங்கள் கேஸ் ஒரே நாளில் முடிந்தது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வந்தது. உசிலம்பட்டிக்காரர் எல்லாரையும் பயமுறுத்துகிறார்.

அவர் பயமுறுத்தவில்லை, தன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறார். உங்களுக்கு நல்லபடியாக முடிந்ததும் உண்மை, கட்டணம் திரும்ப வருவதும் சட்டம்தான்.

உசிலம்பட்டி: கணக்குப் போட்டுச் சொல்ல எங்களுக்கு யார் இருந்தார்கள்? இலவச வக்கீல் அன்றைக்குத்தான் ஃபைலையே பிரித்தார்.

நியாயமான கோபம். ஃபைலைப் படிக்காத வக்கீலை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம். வழக்குகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க ஆணைக்குழுவில் கண்காணிப்புக் குழு இருக்கிறது. வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பே வக்கீலைப் பார்த்து, “எவ்வளவு வரும், எதற்குக் குறைவாக ஒப்புக்கொள்ளக் கூடாது” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். அவருக்குக் குழு சம்பளம் கொடுக்கிறது, நீங்கள் தர்மம் வாங்கவில்லை. உழைத்துப் பிழைக்கிறவர்கள் கோர்ட் வாசலில் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தெப்பக்குளம்: நானும் புரோநோட் கேஸ்தான். சம்மன் வாங்காமல் விட்டால் கேஸ் நிற்காதா?

நிற்காது. வில்லாபுரம் பதிலைப் படியுங்கள்.

பேரையூர்: கோர்ட் தபாலை வாங்கவில்லை. ஏதாவது ஆகுமா?

ஆகும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: கோர்ட்டிலிருந்து எது வந்தாலும் வாங்குங்கள். அன்றைக்கே குழுவுக்கு வாருங்கள். ஒருதலைத் தீர்ப்பான பிறகு வருகிறவர்களுக்கு நாங்கள் செய்ய முடிவது மிகக் கொஞ்சம்.

திருப்பரங்குன்றம்: எனக்கு 71 வயது. வீட்டை மகனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடு போடுவதில்லை.

ஐயா, பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துக்குப் பிறகு எழுதியதா, “கடைசிவரை பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனை இருக்கிறதா? இருந்தால் 23-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம். முதியவருக்கு உதவுவதற்காக வந்த சட்டம், அதைத் தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபந்தனை எழுதவில்லை என்றாலும் மனம் தளராமல் மனு கொடுங்கள். மனு கோட்டாட்சியரிடம், வக்கீல் தேவையில்லை. பராமரிப்புத் தொகையையும் அதே மனுவில் கேளுங்கள். நடக்க முடியாவிட்டால் 14567-க்குப் போன் செய்யுங்கள். பத்திர நகலையும் ஆதாரையும் எடுத்து வையுங்கள்.