கால் ஆணி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? உங்கள் கேள்விக்குப் பதில்

சுண்டுவிரலின் வெளிப்பக்கம் கால் ஆணி, கார்ன் கேப் என்னும் மருந்துப் பட்டையை ஒட்டி உரித்தும் திரும்ப வருகிறது, பிளேடால் சீவி வேரோடு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிளேடு வேண்டவே வேண்டாம். புண்ணாகிச் சீழ் வைத்தால் ஆணியே தேவலை என்றாகிவிடும்.

ஆணிக்கு வேர் கிடையாது. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்வதால் தோல் தடித்து, நடுவில் கூம்பாக இறுகி உள்ளே குத்துகிறது. அழுத்தம் போகாதவரை எத்தனை முறை உரித்தாலும் வரத்தான் செய்யும். எனக்கு உங்கள் ஷூ மேல்தான் சந்தேகம். வெறுங்காலுடன் தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதன்மேல் ஷூவை வைத்துப் பாருங்கள். விரல் பக்கம் கோடு வெளியே தெரிந்தால் ஷூ குறுகல். முன்பக்கம் அகலமானதாக மாற்றுங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போது சற்று உப்பியிருக்கும்.

தினமும் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பாதம் தேய்க்கும் சொரசொரப்பான பியூமிஸ் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் யூரியா கலந்த கிரீம் தடவலாம். கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம், அது சுற்றியுள்ள நல்ல தோலையும் அரிக்கும். ஆணியின் மேல் மட்டும் படட்டும்.

சர்க்கரை நோயோ கால் மரத்துப்போவதோ இருந்தால் இதில் எதையும் நீங்களாகச் செய்யாமல் நேராக டாக்டரிடம் காட்டுங்கள். தேய்த்தபின் கரும்புள்ளிகள் தெரிந்தாலும் காட்டுங்கள். அது மருவாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.