தம்பிக்குப் பங்கை முன்கூட்டியே கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா இறந்து 5 மாதம் ஆகிறது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார். வீடு 60 லட்சம் பெறும், வங்கியில் 12 லட்சம் இருக்கிறது, வீட்டுக் கடன் பாக்கி 20 லட்சம். எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. புரோபேட்டுக்கு (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) மனு போட்டாயிற்று. தம்பி தினமும் போன் செய்து கேட்டதால் 14% வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கி 10 லட்சம் கொடுத்தேன். இன்னும் 10 லட்சம் கேட்கிறான். என்ன செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. போன் வரும்போதெல்லாம் கடன் வாங்கும் இந்தப் பழக்கம் இன்றோடு நிற்கட்டும்.

தம்பி மனதில் ஓடுவது 72-ல் பாதி, அதாவது 36 லட்சம். ஆனால் ஈமச்செலவு, புரோபேட் செலவு, அப்பாவின் கடன், வரி பாக்கி எல்லாம் போய் மிஞ்சுவதுதான் பங்கு. வீட்டுக் கடன் 20, மற்றவை தோராயமாக 2 என்று வைத்தால் மிச்சம் 50, ஆளுக்கு 25. அப்பா யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அதில் ஒரு 10 லட்சம் வந்து விழுந்தால் ஆளுக்கு 20. அவர் இப்போது கேட்பதையும் கொடுத்துவிட்டால், வீடு விற்கும் முன்பே அவர் பங்கு முழுவதும் அவர் கையில் இருக்கும்.

வட்டியோ உங்கள் தலையில். 10 லட்சத்துக்கு வருடம் ஏறக்குறைய 1.4 லட்சம், இன்னொரு 10 வாங்கினால் 2.8. இது உங்கள் சொந்தக் கடன். அப்பாவின் சொத்துக் கணக்கில் செலவாக எழுத முடியாது. வங்கியில் இருக்கும் 12 லட்சத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவும் நினைக்காதீர்கள். கடன்களை அடைக்கும் முன் பங்கைப் பிரித்துவிட்டு, பிறகு பணம் போதாமல் போனால் நீங்களே கைப்பணம் போட வேண்டிவரும்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் 1925-ல் வந்த வாரிசுரிமை தொடர்பான சட்டங்கள் இரண்டுமே, இறந்த நாளிலிருந்து 1 வருடம் முடியும்வரை பங்கைக் கொடுக்கும்படி நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்துவதில்லை. தம்பியிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வரப்போகும் சொத்தைக் காட்டி உடனே பணம் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களையும் அவர் காட்டக்கூடும். அவற்றில் பிடித்துக்கொள்ளும் கழிவு கண்ணைக் கட்டும், தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கொடுத்த 10 லட்சத்துக்கு இந்த வாரமே எழுதி வாங்குங்கள்: அது பங்கில் முன்பணம், உங்கள் கடனின் வட்டியோடு கழிக்கப்படும், பங்கு குறைந்தால் மீதியை அவர் திருப்பித் தருவார் என்று. சாட்சிக் கையெழுத்தும் இருக்கட்டும்.