அம்ப்பை விற்பதற்கு முதல் வயரைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் உள்ள பழைய ஸ்டீரியோ செற்றில் பாஸ், அதாவது கனத்த தாழ் ஒலி, போதவில்லை. அம்ப்பை (சத்தத்தைப் பெருக்கும் கருவியை) மாற்றத்தான் வேண்டுமா, இல்லை சின்னச் சின்ன மாற்றங்களால் சத்தத்தை நன்றாக்க முடியுமா?

முடியும். பெரும்பாலும் செலவே இல்லாமல் முடியும். வேறு ஏதாவது கேட்டிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். "பாஸ் போதவில்லை, அம்ப்பை மாற்றவா" என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. இதே கேள்வியை என்னிடமே கேட்டு, பிழையான விடையையும் எழுதி, ஒரு நல்ல அம்ப்பை அடிமாட்டு விலைக்கு விற்றவன் நான். அதுவும் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன்: சீமெந்துச் சுவர், மாபிள் தரை, ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் அலுமாரிக்கு மேலே. இல்லாவிட்டால் ஒன்று டிவிக்குப் பக்கத்தில், மற்றது கதவுக்குப் பின்னால். வயர் இரண்டு இழை வெள்ளை வயர், இரண்டு இழைக்கும் ஒரே நிறம். சரியா? எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. திருகோணமலையில், டச்பேப் பக்கம், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை.

2010இல் கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் ஜப்பான் அம்ப் ஒன்றும் பெட்டி இரண்டும் வாங்கினேன். அவற்றை ஊருக்குக் கொண்டுவந்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. இரவு பஸ். பெட்டிகளுக்கென்று கண்டக்டர் இரண்டு சீற் காசு வாங்கினார், டிக்கெட் தரவில்லை. சரி, பெட்டியாவது சொகுசாக வரட்டும் என்று இருந்தால், ஹபரணையில் ஏறிய இரண்டு பேரை அதே சீற்றில் இருத்தி அவர்களிடமும் காசு வாங்கினார். கந்தளாய் தாண்டி ஊர் வந்து சேரும்வரை ஒரு பெட்டி என் மடியில், மற்றது காலுக்கிடையில். ஏன் இப்படி என்று கேட்டேன். "மாத்தயா, ஸ்பீக்கருக்கு என்ன நித்திரையா வருது?" என்றார். முழு பஸ்ஸும் சிரித்தது. கேள்விக்கு இது சம்பந்தமில்லைத்தான், தெரியும். ஆனால் காசு வாங்கினால் டிக்கெட் கொடுக்க வேண்டாமா? பத்துப் பதினைந்து வருடமாகியும் அந்த இரண்டு சீற் காசு எனக்குச் செமிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு வருடம் செற் அருமையாக இருந்தது. 2012 தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடித்தோம். எல்லாவற்றையும் கழற்றி, அடித்து முடிந்ததும் நானே திரும்பப் பூட்டினேன். அன்றிலிருந்து பாட்டில் ஏதோ ஒன்று இல்லை. பாடுகிறவரின் குரல் இருக்கிறது, ஆனால் எங்கே நின்று பாடுகிறார் என்று தெரியாது. இரண்டு காதுக்குள்ளும் புகுந்து தலைக்குள் எங்கோ கேட்கும். தவிலும் மிருதங்கமும் தகர டப்பாவில் தட்டுவதுபோல இருக்கும்.

முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். பக்கத்து வீட்டில் காலையில் ஒரு சின்ன ரேடியோ பாடும். "அந்தச் சின்னப் பெட்டியில தவில் கேட்குது, உங்கட பெரிய பெட்டியில ஏன் கேட்கேல்ல?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல செற்றில பாஸ் அளவாத்தான் இருக்கும், மலிவுச் செற்தான் இடிக்கும்" என்று ஒரு விரிவுரை. அவள் ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

நான்கு வருடம் இப்படிச் சமாளித்தேன். 2016இல் அம்ப்புக்குள் மின்னைச் சேர்த்து வைக்கும் கொண்டென்சர் களைத்துவிட்டது என்று எனக்கு நானே முடிவு கட்டி, கிண்ணியாவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு அதை விற்றேன். என்ன விலை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடன் பட்டு வேறொரு அம்ப் வாங்கினேன். அதே தகர டப்பா. இப்போது பழி முழுவதும் பெட்டிகளின் தலையில்.

2020 ஐப்பசி, வாடை தொடங்கிய நேரம், ஒரு எலி இடப்பக்க வயரைக் கடித்து அறுத்தது. ஒரு பெட்டி மட்டும் பாடியது. நம்புவீர்களோ தெரியாது, அன்று இரவு எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஓசை தரும் பக்கம், கேட்டது. ஒரு பெட்டியில்! அடுத்த நாள் அறுந்த வயரை அதே இழைக்கு அதே இழையாக முறுக்கி ஒட்டினேன். இரண்டு பெட்டியும் பாடத் தொடங்கின. தவில் மீண்டும் காணாமல் போனது.

கதிரையில் இருந்தபடி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் அவத்தையில் உள்ள, அதாவது ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், இரண்டு அலைகள் மேற்பொருந்தினால் ஒன்றையொன்று அழிக்கும் என்று எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியிருப்பேன்! என் வீட்டு ஹோலில் அதே படம் எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பெட்டியின் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் போகிற இழைகள் இடம் மாறிப் பூட்டியிருக்கிறது. ஒரு பெட்டியில் அதிர்ந்து சத்தம் தரும் கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது. 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீற்றர். இரண்டு மீற்றர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பெட்டிக்கு அது மிகப் பெரிய அலை, அதனால் அறை முழுவதும் பாஸ் அடிபட்டுப் போகும். 5000 ஹேர்ட்ஸின் அலைநீளம் ஏழு சென்ரிமீற்றர்தான். அது ஓரிடத்தில் அழிந்தால் அடுத்த விரற்கடையில் கூடும், ஆகவே கீச்சுச் சத்தம் தப்பிவிடும். தகர டப்பா வந்த வழி இதுதான்.

சுவர்க்கடிகாரத்தில் இருந்த 1.5 வோல்ற் பற்றரியைக் கழற்றினேன். அம்ப்பை நிறுத்தி, வயரை அம்ப் பக்கத்தில் கழற்றி, சிவப்புக்குப் போகவேண்டிய இழையைப் பற்றரியின் நேர் முனையிலும் மற்றதை மறை முனையிலும் ஒரு கணம் தொட்டேன். வலது பெட்டி "டப்" என்று கூம்பை வெளியே தள்ளியது. இடது பெட்டி உள்ளே இழுத்தது. தொட்ட கையோடு எடுத்துவிட வேண்டும், அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. இடது பெட்டியின் இழைகளை மாற்றிப் பூட்டிப் பாட்டைப் போட்டேன். பாடகி நேராக நடுவில், டிவிக்கு மேலே மாட்டியிருந்த சாமிப் படத்துக்குள் இருந்து பாடினார். மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "அந்த எலிக்கு ஏதாவது வையுங்கோ" என்றாள். கடிகாரத்துக்குப் பற்றரியைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். அடுத்த நாள் அவள் பஸ்ஸைத் தவறவிட்டதற்கும் நான்தான் காரணம்.

ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். பற்றரிகூட வேண்டாம். பாட்டைப் போட்டு, இடம் வலமாகச் சத்தத்தைப் பங்கிடும் பலன்ஸ் குமிழை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள், பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பெட்டி பாடும்போது இருக்கும் பாஸ் இரண்டும் பாடும்போது குறைந்தால், உங்கள் வீட்டிலும் என் கதைதான். வெள்ளை வயரில் ஒரு இழையின் மேல் ஓரத்தில் மெல்லிய வரம்பு ஓடும், நகத்தால் தடவினால் தெரியும். அந்த இழையை எல்லா இடத்திலும் சிவப்புக்கே கொடுங்கள்.

இந்த இடத்தில் யாராவது வந்து, "நல்ல கேபிள் போட்டுப் பார்த்தீர்களா, அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே" என்பார்கள். பார்த்தேன் ஐயா. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 5 மீற்றர் தூரம் போய்வர மொத்தத் தடை ஏறக்குறைய 0.12 ஓம். பெட்டி 8 ஓம். வயரில் தொலைவது மிகக் கொஞ்சம்தான். அதற்கு மேல் காசு போடுவது உங்கள் விருப்பம், நான் தடுக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஆனால் தலைமயிர் மாதிரி மெல்லிய வயரில் பத்து மீற்றர் இழுத்திருந்தால் மாற்றுங்கள். எங்களைப் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வயரின் தடிப்பைவிட அதன் நுனியைக் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை, வாடை முடிந்ததும், நுனியில் ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்கிப் பூட்டுவேன். அப்போதே பெட்டியின் முன் துணியைக் கழற்றிக் கூம்பின் விளிம்பையும் பார்ப்பேன். அது பஞ்சு விளிம்பாக இருந்தால் இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் சில வருடங்களில் விரல் பட்டதும் உதிரும். ரப்பர் விளிம்பு அதிக காலம் நிற்கும். விளிம்பு கிழிந்த பெட்டிக்கு எந்த அம்ப்பும் பாஸ் தராது, விளிம்பை மட்டும் மாற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது இடம். பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்குங்கள். சின்ன ஸ்பீக்கர், அதாவது கீச்சுச் சத்தம் வருவது, கதிரையில் இருக்கும்போது உங்கள் காது மட்டத்துக்கு வர வேண்டும். எனக்கு அது தரையிலிருந்து மூன்று அடி. கடையில் ஸ்ராண்ட் விலை கேட்டுவிட்டு வந்து, வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல்லை மூன்று மூன்றாக அடுக்கி, மேலே பழைய ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டி வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்தேன். ஓடித் திரியும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இப்படி அடுக்க வேண்டாம், பாரமான மேசை போதும். கண்ணாடிச் சோக்கேசுக்கு மேல் மட்டும் வைக்காதீர்கள், கோப்பைகளும் சேர்ந்து பாடும்.

இரண்டு பெட்டிக்கு இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் உங்கள் கதிரை இருக்கட்டும். பின் சுவரோடு ஒட்டினால் பாஸ் கூடும், மூலைக்குள் தள்ளினால் இன்னும் கூடும், ஆனால் எல்லாப் பாட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலாகும். நான் ஒரு சாண் ஒரு சாணாக முன்னால் இழுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரே பாட்டைப் போட்டு, தரையில் சோக்கால் குறி போட்டேன். மூன்றாவது நாள் தரை துடைத்தபோது குறியெல்லாம் போய்விட்டது. இரண்டாம் தடவையும் அதே இடத்துக்குத்தான் வந்தது, சுவரிலிருந்து மூன்று சாண். அதனால் காது பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

பிறகு, ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். வால் பிடித்தாற்போல் "ட்ரிங்" என்று கேட்டால் வெறுஞ்சுவர் இரண்டு ஒன்றுக்கொன்று சத்தத்தை எறிந்து விளையாடுகின்றன. தடித்த யன்னல் சீலை, புத்தக அலுமாரி, பெட்டிக்கும் கதிரைக்கும் நடுவில் தரையில் ஒரு மொத்தமான விரிப்பு இருந்தால் அது அடங்கும். எங்கள் ஹோலில் இரண்டு பன்பாயை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருக்கிறேன். பக்கச் சுவரில் சத்தம் எங்கே பட்டுத் தெறிக்கிறது என்று பார்க்க, நீங்கள் கதிரையில் இருந்துகொண்டு மகனிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடிக்குள் பெட்டி தெரியும் இடம்தான் அந்த இடம். அங்கே சீலை கட்டினால் கீச்சும் கூச்சலும்தான் அடங்கும், பாஸ் இடிப்பு அடங்காது. அதற்குப் பெட்டியையோ கதிரையையோ நகர்த்தியே ஆக வேண்டும்.

இரவில் மெதுவாகக் கேட்பவர் என்றால் அம்ப்பில் உள்ள, தாழ் ஒலியைக் கூட்டிக் கொடுக்கும் லவுட்னஸ் பொத்தானை வெட்கப்படாமல் அமத்துங்கள். சத்தம் குறையும்போது காதுக்குத் தாழ் ஒலிதான் முதலில் மங்கும் என்பதை பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தத்தைக் கூட்டினால் பொத்தானை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, மின்விசிறி. அதை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று சித்திரை மாதத் திருகோணமலையில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

விற்ற அம்ப்பைத் திரும்ப வாங்கலாம் என்று கிண்ணியாவுக்கு போன் பண்ணினேன். "சேர், அது இப்ப வீட்டு ஆள் மாதிரி" என்று சிரித்துவிட்டு, நான் விற்ற விலையின் மூன்று மடங்கைச் சொன்னார். பகிடியா உண்மையா என்று கேட்கவில்லை. அந்த வருடப் பெருநாளுக்குக் கூப்பிட்டார், பாலம் கடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்காகவே செற்றைப் போட்டுக் காட்டினார். பெட்டி இரண்டும் அலுமாரிக்கு மேலே, சீலிங்கை முட்டிக்கொண்டு இருந்தன. "எப்படி சேர்?" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வட்டிலாப்பம் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.