பூத்த மரத்தில் துக்கம் எதற்கு?

கேள்வி: வான்கோவின் பூத்த பீச் மர ஓவியத்தின் மூலையில் 'மோவ் நினைவாக' என்று எழுதியிருக்கிறதே, ஏன்?

பதில்: ஆண்டன் மோவ் அவருக்கு ஆரம்பத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்த உறவினர். 1888 வசந்தத்தில், தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரத் தோட்டத்தில் இந்தப் படத்தை உற்சாகமாக வரைந்துவிட்டு வீடு திரும்பினால், மோவ் இறந்துபோன செய்தி காத்திருந்தது. படத்தை மோவின் மனைவிக்கே அனுப்பிவிட்டார். ஆக, துக்கத்தோடு வரைந்த படமில்லை இது, அர்த்தம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டதுதான். பாணி என்று பார்த்தால், இதழ் இதழாக வரையாமல் தடித்த சாயத்தைப் புள்ளி புள்ளியாக அப்பியிருக்கிறார், ஜப்பானிய அச்சு ஓவியங்கள் மேல் அப்போது அவருக்கு ஒரே மோகம். இன்னொன்று, நாம் பார்ப்பது வெளிறிய படம். சிவப்புச் சாயம் மங்கியதால் பூக்கள் வெள்ளையாகத் தெரிகின்றன, அவர் தீட்டியது நல்ல இளஞ்சிவப்பு.