லாங்சாவுக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், காஜா என்ற சிற்றூருக்கு மேலே லாங்சா, ஹிக்கிம், கோமிக், கிப்பர் என்று சில கிராமங்கள் இருக்கின்றன. எல்லாமே 4,200 மீட்டருக்கு மேல். காலையில் காரில் வந்து, புத்தர் சிலை முன் படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போகாமல் அங்கே கிராமத்து வீடுகளில் தங்குங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, நாலு நாள் லீவு இருக்கிறது. மணாலி வழியாக ஒரே நாளில் காஜா, மறுநாள் லாங்சா. முடியுமா? (சென்னை)

வண்டி போய்விடும், உடம்பு தாங்காது. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கிளம்பி, 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாயில் ஏறி இறங்கி, அன்று இரவே 3,650 மீட்டரில் காஜாவில் படுப்பீர்கள். மறுநாள் லாங்சா 4,400. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. உங்கள் திட்டம் அதை முதல் நாளே மீறுகிறது.

சிம்லா வழியாகப் போங்கள். மதுரையிலிருந்து சண்டிகருக்கே நேரடி ரயில் இருக்கிறது, சென்னையிலிருந்து விமானமும் உண்டு. சிம்லாவுக்கு அப்புறம் கின்னௌர் மாவட்டத்தில் சாங்லா அல்லது கல்பாவில் ஓரிரவு, தாபோவில் ஓரிரவு, காஜாவில் இரண்டு இரவு, பிறகு மேலே. தாபோவில் சும்மா படுத்திருக்க வேண்டியதில்லை. 996இல் எழுப்பிய மண் மடாலம் அங்கே இருக்கிறது. இருட்டான உள்ளறையில் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தால், சுவர் முழுக்க ஓவியங்களும் சுதைச் சிற்பங்களும் தெரியும். நான் அதற்காக மட்டுமே கூட அங்கே போவேன்.

இதற்கு எப்படியும் பத்து நாள் வேண்டும். நாலு நாள்தான் என்றால் இந்த முறை ஸ்பிதியை விட்டுவிடுங்கள்.

டயமாக்ஸ் போட்டுக்கொண்டால் வேகமாக ஏறலாமாமே? (சேலம்)

அது உயரத்துக்கு உடம்பு பழகுவதற்கு உதவும் மருந்து. பழகும் நாட்களை அதனால் ரத்து செய்துவிட முடியாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம், டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பது. லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் வராதது எல்லாம் பலருக்கும் வரும். அந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாமல் இருமினால், நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினால், பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் வீட்டுக்காரரை எழுப்பி வண்டி கேளுங்கள். லாங்சாவிலிருந்து காஜாவுக்கு 700 மீட்டருக்கு மேல் இறக்கம், அங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது. முதல் சில இரவுகளில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம்.

எந்த மாதம் நல்லது? (திருச்சி)

செப்டம்பர். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, ஆனால் அங்கே போகும் சாலைகள் அப்படியில்லை. ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் பக்கமும் மணாலி பக்கமும் மண் சரியும். 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். எந்த மாதம் போனாலும் கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்திருங்கள், திரும்பும் டிக்கெட்டை அதற்குத் தகுந்தாற்போல் போடுங்கள்.

கழிவறை, குளியல் எல்லாம் எப்படி? வெட்கப்படாமல் சொல்லுங்கள் அக்கா. (கோவை)

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பழைய வீடுகளில் உலர் கழிவறைதான். மாடி அறையின் தரையில் ஒரு நீள்சதுரத் துளை இருக்கும், பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வாரி. வேலை முடிந்ததும் இரண்டு வாரி மண் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கீழ் அறையில் சேர்ந்து மக்கியதை எடுத்து வயலுக்குப் போடுவார்கள். நாற்றம் பெரிதாக இருக்காது. அதற்குள் தண்ணீர் ஊற்றினால்தான் கெடும், அது மக்காது. தண்ணீர் இல்லாமல் நம்மால் முடியாதுதான். கழுவுவதற்குத் தனி இடம் உண்டா என்று வீட்டு அம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாப்கின், ஈரத்துடைப்பான் எதையும் துளைக்குள் போடாதீர்கள். பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே பனி உருகி ஓடிவரும் வாய்க்கால்தான் அவர்களுக்குக் குடிநீர், பாசனம் எல்லாமே. குளிர்காலத்தில் பனி குறைவாக விழுந்தால், வரும் கோடையில் பட்டாணி காய்கிறது. பச்சைப் பட்டாணிதான் அவர்கள் கையில் காசு பார்க்கும் பயிர். அந்த ஊரில் போய்த் தினமும் இரண்டு பக்கெட் வெந்நீர் கேட்பது நியாயமில்லை. வெந்நீர் காய்ச்ச எரிக்கும் விறகும் வறட்டியும் அவர்கள் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்தவை. மூன்று நாளைக்கு ஒரு குளியல் போதும். அந்தக் குளிரில் உங்களுக்கே அதற்கு மேல் தோன்றாது.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (கும்பகோணம்)

இல்லை. சாதம், பருப்பு, ராஜ்மா, சப்பாத்தி எல்லா வீட்டிலும் கிடைக்கும். துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பையும் காய்கறி போட்டுக் கேட்டால் செய்வார்கள். வெண்ணெய் தேநீரில் உப்பு இருக்கும், அதைத் தேநீர் என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடியுங்கள். சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். நடுவில் அடுப்பு எரியும் சமையலறையில், அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான், ஊர்க்கதை நடப்பதும் அங்கேதான்.

நான் கனடா பாஸ்போர்ட். இலங்கையில் இருக்கும் அண்ணனும் வருகிறார். தனி அனுமதி வேண்டுமா? (டொராண்டோ)

வேண்டும். கின்னௌரில் ரெக்காங் பியோ என்ற ஊரைத் தாண்டி ஸ்பிதிக்குள் நுழையும் எல்லையோரச் சாலைக்கு வெளிநாட்டவர் எல்லோரும் இன்னர் லைன் பெர்மிட் எடுக்க வேண்டும். ரெக்காங் பியோவிலேயே எடுக்கலாம். அலுவலகம் ஞாயிறன்று மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இந்தியர்களுக்குத் தேவையில்லை.

லாங்சாவில் கிடைக்கும் சங்குக் கற்களை வாங்கலாமா? (மயிலாடுதுறை)

வேண்டாம். இமயம் எழுவதற்கு முன் அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் புதைபடிவங்கள் அவை. நம் பூஜையறைகளில் இருக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அதே வகைதான், நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து வருவது. குழந்தைகள் கையில் ஏந்திக்கொண்டு வந்து விற்பார்கள், மறுப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் வாங்க வாங்க, மலையைத் தோண்டுவது கூடும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அந்த வீட்டுக்குக் காசு சேர வேண்டும் என்றால் ஓரிரவு கூடுதலாகத் தங்குங்கள், அவர்கள் பின்னிய கம்பளிக் காலுறை வாங்குங்கள்.

போன், பணம்? (ஈரோடு)

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் இமாச்சலில் எடுக்கும். காஜாவில் சிக்னல் உண்டு, மேலே நிச்சயமில்லை. காஜாவில் ஏடிஎம் இருந்தாலும் நம்பிப் போகாதீர்கள், முழுச் செலவுக்கும் நோட்டாக எடுத்துச் செல்லுங்கள். சொந்த வண்டி என்றால் காஜாவில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. மணாலியிலிருந்து வருகிறவர்கள் மணாலியிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

போய்வந்த பிறகு, அடுத்துப் போகிறவர்களுக்கு உதவ என்ன எழுதலாம்? (புதுச்சேரி)

முதலில் எந்த மாதம், எந்த வருடம் போனீர்கள் என்று எழுதுங்கள். ‘சாலை நன்றாக இருக்கிறது’ என்று தேதியில்லாமல் எழுதுவது யாருக்கும் உதவாது. எந்த ஊரில் எத்தனை இரவு தங்கினீர்கள், எங்கே தலை வலித்தது, எத்தனை நாளில் சரியானது என்று எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும், அதில் சாப்பாடு சேர்ந்ததா என்பதையும் எழுதுங்கள். ஆனால் ‘பேரம் பேசிக் குறைத்தேன்’ என்று ஊக்கம் கொடுக்காதீர்கள். அங்கே அரிசியிலிருந்து சமையல் வாயு வரை எல்லாமே லாரியில் ஏறி வருகிறது, பயணிகள் வருவதோ வருடத்தில் சில மாதம்தான்.

வீட்டுக்காரர் எண்ணைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிப்பர் பக்கம் குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைப் பார்த்தால், இடத்தைச் சரியாகச் சொல்லாமல் ‘கிப்பர் பக்கம்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளூர் வழிகாட்டிகளுக்கு இடம் தெரியும். பார்க்க விரும்புகிறவர்கள் அவர்களை அமர்த்திக்கொண்டு போகட்டும்.