டைம்ஷீட்ல பொய் எழுதிட்டு ஜெபமாலை சொல்ல முடியல

கேள்வி: அக்கா, நான் ராயபுரம், இப்ப தோஹால ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனில டைம்கீப்பர். ஞாயித்துக்கிழமை டியூட்டி, பூசைக்குப் போறதில்லன்னு அம்மா போன்ல அழுவுறாங்க. அத விட ஒண்ணு மனச அறுக்குது. ஹெல்ப்பருங்க பத்து மணி நேரம் வேலை செஞ்சா எட்டுன்னு எழுதச் சொல்றாரு சூப்பர்வைசர், அவங்களும் படிச்சுப் பாக்காம கையெழுத்து போட்டுட்டுப் போறாங்க. ரூமுக்கு வந்து ஜெபமாலை எடுத்தா வாய் வரல. இன்னா பண்றதுன்னே தெரியல.

பதில்: தம்பி, முதல்ல அம்மாவுக்கு போன் போட்டு சொல்லு, அங்க வெள்ளிக்கிழமை லீவுங்கிறதால ஞாயித்துக்கிழமைப் பூசையையே வெள்ளிக்கிழமையும் வைக்கிறாங்க, 2008ல திறந்த ஜெபமாலை மாதா கோயில் மெசைமீர் பக்கம் இருக்கு, வெளிய சிலுவை இருக்காது, கேட்ல செக்கிங் இருக்கும், அதுக்காகத் தயங்காத. நான் குவைத்ல நர்ஸா இருந்தப்ப நைட் டியூட்டி முடிச்சு யூனிஃபார்மோட வெள்ளிப் பூசைக்கு ஓடுவேன், கால் வீங்கி செருப்புக்குள்ள நுழையாது, உள்ள இடம் இல்லாம வெளியவே நின்னு நன்மை (பூசைல குடுக்குற அப்பம்) வாங்கிட்டு வருவேன். அந்தப் பூசைதான் என்னைக் காப்பாத்துச்சு.

ஆனா உன் கேள்வி பூசையப் பத்தினது இல்லன்னு எனக்குப் படுது. நம்ம ஊருக்குப் பேரே ராயப்பர்னாலதான் வந்தது, இயேசுவோட சீடர் பேதுருதான் அவர், படகோட்டிங்க கட்டின கோயில் அது. அந்த ராயப்பர் நெருப்புல குளிர் காஞ்சுக்கிட்டே ஒரு வேலைக்காரப் பொண்ணுக்குப் பயந்து, இயேசுவைப் பத்தி "அவரை எனக்குத் தெரியாது"ன்னவர், அப்புறம் வெளிய போய் அழுதார். உனக்கு வாய் வராததும் அந்த அழுகைதான்.

கத்தார்ல 2015ல இருந்து சம்பளம் பேங்க் வழியாதான் போகணும்னு விதி, ஆனா மணிக்கணக்கே தப்புன்னா பேங்குக்கு எப்படிப்பா தெரியும், அந்தக் கணக்கு உன் பேனாலதான ஆரம்பிக்குது. எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை செஞ்சா அந்த மணிக்கு பேசிக் சம்பளக் கூலியும், அதுக்கு மேல கால்பங்காவது கூட்டியும் தரணும்னு சட்டம். அதத்தான் நீ அடிச்சு எழுதுற. புடிச்சு வச்ச கூலி கடவுள் காதுல கத்துதுன்னு பைபிள்ல யாக்கோபு 5:4ல இருக்கு, இன்னிக்கே எடுத்துப் படி.

சண்டை போடாத. நடந்த மணிய அப்படியே எழுது, "குறைக்கணும்னா நீங்களே எழுதி சைன் பண்ணுங்க சார்"னு மரியாதையா சொல்லு. தினமும் தனி நோட்டுல பேரு, தேதி, மணி குறிச்சு வை, ஹெல்ப்பருங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஷீட்டை அவங்களையே போட்டோ எடுத்துக்கச் சொல்லு, லேபர் மினிஸ்ட்ரிக்குப் போகணும்னா அதுதான் கைல இருக்கும். வேலை போயிடும்னு பயமா இருக்கும், வீட்டுக் கடன் இருந்தா இன்னும் பயம், அந்தப் பயம் தப்பே இல்ல. ஆனா 2020ல சட்டம் மாறி, நோட்டீஸ் குடுத்து என்ஓசி (பழைய முதலாளியோட சம்மதக் கடிதம்) இல்லாமலே கம்பெனி மாறலாம், இப்பவே வேற எடம் பாக்க ஆரம்பி.

ஏற்கெனவே குறைச்சு எழுதுன மாசங்க இருக்கே, அதுக்கும் ஞாபகம் இருக்கிற வரைக்கும் சரியான மணிய எழுதி அவங்கவங்க கைல குடு. பைபிள்ல வரி வசூலிக்கிற சக்கேயு, ஏமாத்தினதுக்கு நாலு மடங்கு திருப்பித் தரேன்னான், உன்கிட்ட காசு இல்ல, கணக்கு இருக்கு. அதக் குடுத்துட்டு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போ.